தொட்டியை நான் காலி செய்த அன்று

டேய் பூனைக்குட்டி,

ஆறடி வளர்ந்து மீசை வைத்த பிறகும் தெருவில் நின்று நான் இப்படிக் கூப்பிட்டால், "யம்மா, மானத்த வாங்காதம்மா, லாரி ஆபீஸ் ஆளுங்க நிக்கிறாங்க" என்று ஓடி வந்து என் வாயைப் பொத்துவாய். இன்றைக்கு வாயைப் பொத்த ஆள் இல்லை. நீ போய் நாற்பத்திரண்டு நாள் ஆகிறது. நாலாவதோடு பள்ளிக்கூடம் விட்டவள் எழுதுகிற எழுத்து இது, கோணலாகத்தான் இருக்கும். நேற்றுக் காலையில் நம் ஷெட்டில் ஒன்றைப் பார்த்தேன். பார்த்ததிலிருந்து என் உடம்பு என்னிடம் இல்லை. சோறு வடிக்கப் போய்க் கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டேன். பக்கத்து வீட்டு அலமேலு, "அக்கா, காலு கொப்பளிச்சுக் கீதே, தெரியலியா?" என்று அலறின பிறகுதான் சுட்டதே தெரிந்தது. நான் பார்த்தது என்ன என்று உனக்குத் தெரியும். நீதான் அதை அங்கே வைத்தவன். ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். நான் யாரிடமும் முதலிலிருந்து சொன்னதில்லை. உன்னிடமும் சொன்னதில்லை. எழுதுவது உனக்குத்தான், ஆனால் மந்தைவெளியில் உன்னைப் பற்றி ஒரு சொல் பேசின எல்லாரும் இதைப் படிக்கட்டும்.

உனக்கு நான் சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தது வேறு. தை பிறந்ததும் சைதாப்பேட்டைப் பெண்ணைப் பேசி முடிக்கலாம் என்று இருந்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து நாலு புத்திமதி சொல்ல வேண்டும். பெண்டாட்டியை நாலு பேர் முன்னால் திட்டாதே. குழம்பில் உப்பு இல்லையென்றால் சொல்லு, நன்றாக இருந்தாலும் சொல்லு. உன் நைனா மாதிரி நன்றாக இருப்பதை மட்டும் சொல்லாமல் விழுங்காதே. ஆசிட் பட்டால் மறைக்காதே. இந்தக் கடைசிப் புத்திமதி உனக்குப் பத்து வயசிலேயே சொன்னது. நைனா வெளியே போயிருந்த நேரம் ஜாடியைத் தொட்டு, தொடையில் ஆசிட்டைக் கொட்டிக்கொண்டு, அடி விழும் என்று பயந்து சுவர் மூலையில் நின்றாய். அழுகைகூட இல்லை. டவுசர் பொத்தல் விழுவதை நான் பார்த்த பிறகுதான் ஓடினேன். ஆசிட்டை முறிக்க ஷெட் வாசலில் எப்போதும் இருக்கும் சோடா உப்புத் தண்ணீர்ப் பானையைத் தூக்கி அப்படியே உன்மேல் கவிழ்த்தேன். கவிழ்த்துவிட்டு முதுகில் நாலு வைத்தேன். "கத்தறதுக்கு இன்னாடா? வாய் எதுக்குக் கீது?" என்று கேட்டேன். நைனா வந்து புண்ணைப் பார்த்துவிட்டு உன்னை அடிக்கவில்லை. "ஆசிட்டு பட்ட ஒடனே ஒண்ணும் பண்ணாதுடா. நீ மறைச்சுக்கினு நிக்கிற பாரு, அந்த நேரந்தான் தோலத் துண்ணுது" என்றார். ஒரு கை அகலத்துக்குத் தழும்பு நின்றுவிட்டது. அந்தப் பாடத்தை உனக்குச் சொல்லிக் கொடுத்த வீட்டில், அதைக் கற்றுக்கொள்ளாதவள் நான் ஒருத்திதான்.

நம் தொழில் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். செத்துப்போன கார் பேட்டரி நம்மிடம் வரும். நைனா சூடு காட்டி மேலே அடைத்திருக்கிற கீலை, தார் மாதிரி இருக்குமே, அதை உருக்குவார். உள்ளே ஆறு அறை. ஒவ்வொரு அறையிலும் ஈயத் தகடு அடுக்கி இருக்கும். மக்கினதை எறிந்துவிட்டு, புதுசைச் சேர்த்துப் பற்றவைத்து, மறுபடி கீல் ஊற்றி மூடி, ஆசிட் விட்டு, இரண்டு நாள் சார்ஜ் போட்டால் பேட்டரிக்கு உயிர் வந்துவிடும். ஸ்டாண்டு டாக்ஸிக்கார பாய், "நீ மேஸ்திரி இல்லப்பா, டாக்டரு. பொணத்துக்கு ஊசி போட்டு அனுப்புற" என்பார். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே தீப்பெட்டி மரம்போல மெல்லிசாக ஒரு மர ஏடு வைக்க வேண்டும். ஒன்றோடு ஒன்று பட்டுவிட்டால் அந்த அறை செத்தது, ஓர் அறை செத்தால் பேட்டரியே செத்தது. அந்த ஏடு வாங்கி வந்த நாளிலிருந்து பேட்டரிக்குள் போகிற நிமிஷம் வரைக்கும் தண்ணீரிலேயே கிடக்க வேண்டும். ஏட்டுத் தொட்டி என் பொறுப்பு. நான் கல்யாணமாகி வந்த வாரத்திலேயே நைனா சொன்னார்: "இது மீனு மாதிரி. தண்ணிய உட்டு எடுத்தா செத்துப்பூடும்." இருபத்திரண்டு வருஷம் அந்த மீனை நான்தான் பார்த்துக்கொண்டேன். உனக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையால் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

போன வருஷம் சித்திரையில் தெருக்குழாய் வறண்டு போனது உனக்கு நினைவிருக்கும். மூன்று நாள் தண்ணீர் இல்லை. நாலாம் நாள் பகல் பதினோரு மணிக்கு லாரி வந்துவிட்டது என்று அலமேலு கத்திக்கொண்டு ஓடினாள். வீட்டில் இருந்த குடம், அண்டா, சட்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கண் அந்தத் தொட்டிமேல் போனது. நம் வீட்டிலேயே பெரிய பாத்திரம் அதுதானே. நைனாவும் நீயும் பழைய ஈயத்தை எடைக்குப் போடப் போயிருந்தீர்கள். ஒரு நிமிஷந்தானே என்று ஏடுகளை எடுத்துச் சாக்கின்மேல் பரப்பிவிட்டுத் தொட்டியை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு நிமிஷம் இல்லை. வரிசையில் சண்டை, குடத்தைத் தள்ளினது யார் என்று தலைமயிரைப் பிடித்துக்கொண்டார்கள், நானும் பிடித்தேன். பிடித்த தண்ணீரை வீடு கொண்டுவந்து சேர்த்து, துணி துவைத்து, குளித்து, சேலை மாற்றி நிமிர்ந்தபோது மணி மூன்று. அப்போதுதான் சாக்கு நினைவு வந்தது. வெயிலில் ஏடெல்லாம் அப்பளம் பொரிந்த மாதிரி வளைந்து கிடந்தது. அள்ளித் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டேன். ஒரு மணி நேரத்தில் வளைவு நிமிர்ந்துவிட்டது. கையில் எடுத்துப் பார்த்தேன், பழையபடிதான் இருந்தது. நாரோடு நாராகக் கோடு கோடாக வெடித்திருந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேராகச் சொல்லிவிடுகிறேன், நான் உற்றுப் பார்க்கவில்லை.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன், சாமி சத்தியமாக. நைனா வந்தார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், தொட்டியில் கையை விட்டு ஓர் ஏட்டை எடுத்து விரலால் தடவினார். "நல்லா ஊறிக்கீது. தண்ணியே இல்லாத ஊர்ல எப்டிம்மே இத்தப் பாத்துக்கின? நீ இல்லாட்டி இந்தத் தொழிலே இல்ல" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே சொல் அது. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். மறுநாள் நாலு பேட்டரி போட்டீர்கள். மூன்று அவர் போட்டார். கை வலிக்கிறது என்று நாலாவதை உன்னையே முழுசாகப் போடச் சொன்னார். நீ யார் கையும் படாமல் போட்ட முதல் பேட்டரி. கீல் ஆறுவதற்குள் அதன்மேல் ஆணியால் உன் பெயரின் முதல் எழுத்தைக் கீறிவிட்டு என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாய். அது பாய் டாக்ஸிக்குப் போனது.

ஏழு வாரம் ஓடியது. ஒரு நாள் சாயங்காலம் பாய் வந்து, "இன்னா தம்பி, உன் பேட்டரி என் பொஞ்சாதி மாதிரி கீது, காலைல எழுப்பவே முடில" என்று சிரித்தார். நீயும் சிரித்துக்கொண்டு, "நாளைக்கு இட்டாங்க பாய், பாத்துரலாம்" என்றாய். மறுநாள் காலை பத்து மணிக்கு நைனா சார்ஜ் போடுகிற பெஞ்சின்மேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். நீ ஓடிப்போய் ஸ்டாண்டில் நின்ற ஒரே டாக்ஸியை, பாய் வண்டியைக் கூட்டி வந்தாய். தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு வந்ததை நீ எங்களுக்குச் சொல்லவில்லை. நைனாவை ஏற்றுவதற்குள் வாசலில் எஞ்சின் அணைந்துவிட்டது. பாய் சாவியைத் திருகினார். டிக் என்று ஒரு சத்தம். மறுபடி திருகினார், மறுபடி டிக். என் மடியில் தலை வைத்திருந்த மனுஷன், வேர்த்துக் கொட்டிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒரு அறை பூட்ச்சு... உள்ள தொட்டுக்கிச்சு" என்றார். பிறகு கண்ணைத் திறந்து, "யாரு போட்டது?" என்றார். நீ கதவைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் நைனா" என்றாய். இந்த உலகத்தில் அவர் கேட்ட கடைசிக் கேள்வி அது. அதற்குச் சரியான பதில் தெரிந்தவள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் நீ தள்ளினாய். "ஓடிக்கினே இருந்தா போயிடும் தம்பி, நின்னா போச்சு" என்றார் பாய். லஸ் முனையில் பஸ் குறுக்கே வந்தது, டாக்ஸி நின்றது, அணைந்தது. தள்ளினாய். ராயப்பேட்டை ஹைரோட்டில் மாட்டு வண்டி, மறுபடி அணைந்தது. தள்ளினாய். பின்கண்ணாடியில் உன் முகம் மட்டும் தெரியும், வாயைத் திறந்துகொண்டு, சிவந்துபோய். மணிக்கூண்டு தெரிகிற தூரத்தில் வழியில் மூன்றாவது தடவை நின்றபோது நீ தள்ளவில்லை. கதவைத் திறந்து நைனாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாய். செருப்பு ஒன்று நடுரோட்டில் கிடந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு உன் பின்னால் ஓடினேன். எதற்கு எடுத்தேன் என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை. டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நீ கேட்டாய். "அது சொல்ல முடியாதுப்பா" என்றார் அவர். டாக்டரே சொல்ல முடியாததைப் பதினாறாம் நாள் உன் சித்தப்பா சொன்னார்.

காரியம் முடிந்து சொந்தமெல்லாம் நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தி.நகரில் சைக்கிள் கடை வைத்திருக்கிற மனுஷன், இரும்பு வேலை தெரிந்தவர், இலையை மூடிவிட்டு எழுந்து நின்றார். "அண்ணன் போட்ட பேட்டரி மூணு வருஷம் ஓடும். இவன் போட்டது அம்பது நாள் தாங்கல. இன்னா கெட்டுச்சுன்னு நாலு பேரு முன்னால தொறந்து பாக்கலாம், எட்றா அத்த" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு, "பழைய ஈயத்துக்குப் போட்டுட்டேன் சித்தப்பா" என்றாய். "போட்டுட்டியா? தப்பு உன்னுதுன்னு தெரிஞ்சுதான் போட்டுட்ட! பெத்த அப்பன சாவடிச்சுட்டு வேலைய மறைக்கிறியா?" என்றார். பந்தியே திரும்பிப் பார்த்தது. நான் மோர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு தூண் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒரே ஒரு வார்த்தை, 'ஏடு' என்று சொல்லியிருந்தால் போதும். தொழில் தெரிந்தவர், அவருக்கே புரிந்திருக்கும். யாருக்கோ மோர் வேண்டும் என்று கேட்டார்கள், நான் ஊற்றப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் நீ ஒன்று செய்தாய். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அந்தத் தொட்டி ஏட்டைப் போட்டு நைனா கட்டின மற்ற மூன்று பேட்டரியையும் தேடித் தேடிப் போய்க் கேட்டு வாங்கி வந்தாய். ஒன்று அடையாறில் ஒரு வக்கீல் வீட்டுக் கார். அவர் நன்றாக ஓடுகிறதே என்று தர மறுக்க, கெஞ்சி வாங்கினாய். மூன்றையும் பிரித்து, புது ஏடு போட்டு, சும்மாவே திருப்பிக் கொடுத்தாய். "நல்லா ஓடுறத எதுக்குடா பிரிக்கிற?" என்று கேட்டேன். "சும்மாத்தாம்மா" என்றாய். உன் கை வேலைமேல் உனக்கே பயம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த மூன்றும் உன் கை வேலை இல்லை, நைனா போட்டது என்பது என் மரமண்டைக்கு அப்போது உறைக்கவில்லை. மூன்றாவதைக் கொடுத்துவிட்டு வந்த அன்று கையைச் சோடாத் தண்ணீரில் கழுவிக்கொண்டு, "இனிமே பேட்டரியத் தொடமாட்டேம்மா" என்றாய். மறு வாரம் லாரி வேலைக்கு ஏறினாய்.

ஒரு வருஷமும் நாலு மாசமும். மாசத்துக்கு ஒரு தடவை வருவாய். குண்டூர் மிளகாய், நெல்லூர் அரிசி என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவாய். நெல்லூர் தாண்டித்தான் அந்த லாரியும் கவிழ்ந்தது. சித்தப்பாவும் நானும் ரயிலில் போனோம். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றார்கள். போர்வையைக் கீழிருந்து தூக்கித் தொடையைக் காட்டினார்கள். பத்து வயசில் நான் பானையைக் கவிழ்த்த இடம். "இவன்தான்" என்று சொன்னது என் குரலா என்று எனக்கே சந்தேகம். சித்தப்பா அந்த ஆஸ்பத்திரிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அங்கேயும் நான் சொல்லவில்லை.

நேற்று ஷெட்டை ஒழித்துக் கொடுக்கப் போனேன். வீட்டுக்காரர் கேட்கிறார், வேறு ஆள் வருகிறானாம். பெஞ்சுக்கு அடியில், நைனாவின் பழைய கீல் தகரத்துக்குப் பின்னால், சாக்கில் சுற்றி ஒரு பேட்டரிப் பெட்டி. மேலே உன் எழுத்து. ஈயத்துக்குப் போட்டுவிட்டேன் என்றாயே, அது. மூடியைக் கழற்றினேன். தகடு எதுவும் இல்லை. கழுவி வைத்த மர ஏடு மட்டும் ஒரு கட்டு. ஒவ்வொன்றும் நெடுக வெடித்து, ஒன்றில் வெடிப்பு வழியாக ஈயம் ஊடுருவிக் கருத்திருந்தது. வெயிலில் காய்ந்தால்தான் ஏடு அப்படி வெடிக்கும் என்று நைனா உனக்கு எத்தனை தடவை காட்டியிருக்கிறார். தொட்டியை என்னைத் தவிர வேறு யாரும் தொடமாட்டார்கள் என்பதும் உனக்குத் தெரியும். கட்டியிருந்த துணி என் நீலச் சேலைக் கிழிசல், நான் ஏடு கட்டுகிற துணி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பந்தியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாயே, அப்போதே உனக்குத் தெரியும். பந்தியிலிருந்து இருபதடி தூரத்தில், பெஞ்சுக்கு அடியில் இது இருந்தது. கையை நீட்டி எடுத்துக் காட்டியிருக்கலாம்.

இன்று காலையில் அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு தி.நகருக்கு நடந்தே போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து போக எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. சித்தப்பா ரிம்மைக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். கடையில் மூன்று பேர் நின்றார்கள், நல்லது என்று அவர்கள் முன்னாலேயே சொன்னேன். தொட்டி, லாரித் தண்ணீர், சாக்கு, நைனா சொன்ன சொல், எல்லாம். அவர் ஓர் ஏட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அண்ணி," என்றார். "கொழந்தைய நான் அப்பன சாவடிச்சவன்னேனே அண்ணி. அவன் கால்ல வுழக்கூட எனக்கு இப்ப வழி இல்லியே." என்னைத் திட்டுவார் என்று போனேன். திட்டியிருந்தால் தேவலை. அங்கிருந்து ஸ்டாண்டுக்கு வந்து பாயிடமும் சொன்னேன். அவர் வண்டியின் பானெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார், நிமிரவே இல்லை. "மூணு தபாவும் அவன் ஒருத்தனாத்தான் தள்னான்மா" என்று மட்டும் சொன்னார்.

சொல்லிவிட்டேன், பூனைக்குட்டி. சொன்னால் நெஞ்சு இறங்கும் என்பார்கள், எனக்கு இறங்கவில்லை. நீ ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஷெட் வாசலில், அந்தச் சோடாத் தண்ணீர்ப் பானை பக்கத்தில் வந்து நிற்பாய். ஷெட்டில் வேலை இல்லாவிட்டாலும் பானையை நான் நிரப்பித்தான் வைத்திருந்தேன், பழக்கம். "வேற இன்னாமா?" என்பாய். "ஒண்ணுமில்லடா, பாத்துப் போ" என்பேன். நீ போகமாட்டாய். கைலியை அவிழ்த்துக் கட்டுவாய், தெருவைப் பார்ப்பாய், மறுபடி என்னைப் பார்ப்பாய். "வேற ஒண்ணும் இல்லியே?" என்பாய். இல்லை என்பேன். போய்விடுவாய். பதினாறு தடவை வந்தாய், பதினாறு தடவையும் கேட்டாய். பிள்ளைகள் கிளம்பும்போது சும்மா கேட்கிற கேள்விதானே அது? இல்லை, அம்மா தன் வாயாலேயே சொல்லட்டும் என்றுதான் அங்கே நின்றாயா?